நீக்கப்பட்ட ஆறாவது கணக்கு

அட்டவணைக்காரர் பள்ளியில் படித்த காலத்தில் உயர்நிலைப் பள்ளிக் கணிதப் போட்டியை மூன்று முறை எழுதினார். ஆறாவது கணக்கில் அவர் வாங்கிய மார்க் முறையே பூஜ்யம், பூஜ்யம், ஒன்று. அந்த ஒன்றுகூட, பையன் படத்தையாவது அழகாக வரைந்திருக்கிறானே என்று யாரோ மனமிரங்கிப் போட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

போட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது இரண்டு நாள் நடக்கும். நாளுக்கு மூன்று கணக்கு, நாலரை மணி நேரம். மூன்றே கணக்குக்கு நாலரை மணி நேரமா, காலை நீட்டிக்கொண்டு போடலாமே என்று நினைப்பவர்கள் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஏழு மார்க். விடை வந்தால் போதாது. அது ஏன் அப்படித்தான் ஆகும் என்பதை ஓட்டை உடைசல் இல்லாமல் எழுதிக் காட்ட வேண்டும். இரண்டாம் நாளின் கடைசிக் கணக்குதான் ஆறாவது. அது அநேகமாக யாருக்கும் வராது. வரக் கூடாது என்றே தேடிப் பிடித்துப் போடுகிறார்கள். மொத்தத்தில் முதல் ஆறு இடம் பிடிக்கும் பிள்ளைகளை வெளிநாட்டில் நடக்கும் பெரிய போட்டிக்கு அனுப்புவார்கள். அதற்குப் பிறகு எந்தக் கல்லூரியும் அவர்களை வாசலில் காக்க வைக்காது.

அவர் அந்த ஆறில் வரவில்லை. அறுபதில்கூட வரவில்லை. வணிகவியல் படித்தார், இருபத்து மூன்று வயதில் பஸ் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தார். எந்த டிரைவர் எந்தக் கண்டக்டரோடு எந்த வண்டியில் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று வாராவாரம் அட்டவணை போடுவது அவர் வேலை. டயர் கிடங்குக்கு மேலே அவருடைய அறை. ரப்பர் வாசனை மாடிப்படி ஏறி வந்து மேசை இழுப்பறைக்குள்கூட குடியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் பின்பக்கமாக வரும் வண்டிகளுக்கு விசில் ஊதுகிற சத்தம். மூடினால் வியர்வை. அவர் திறந்தே வைத்திருந்தார்.

அட்டவணை போடுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. மிக நீளமான தடம் முதலில், அதற்கடுத்தது இரண்டாவது, குட்டைத் தடம் கடைசியில். பெரியதை உட்கார வைத்துவிட்டால் சின்னது தானாக இடம் பார்த்துக்கொள்ளும் என்பார். இருபத்தெட்டு வருடமாக அப்படியே போட்டார். தப்பு வந்ததில்லை. இரண்டு டிரைவர்களை ஒரே வண்டிக்கு எழுதிவிட்டார் என்று ஒரு நாளும் யாரும் மாடியேறி வந்து சண்டை போட்டதில்லை.

ஆனால் ஆறாவது கணக்கு அவரை விடவில்லை. போட்டிக் குழு வருடம் ஒரு முறை ஓர் அறிவிப்பு வெளியிடும்: பொதுமக்களும் புதிய கணக்குகளை அமைத்து அனுப்பலாம். பொதுமக்கள் யாரும் அனுப்பியதாகத் தெரியவில்லை, அட்டவணைக்காரரைத் தவிர. இருபத்திரண்டு வருடமாக அவர் அனுப்பினார். இருபத்திரண்டு வருடமாக ஒரு அச்சடித்த கார்டு திரும்பி வந்தது. சில நேரம் அதன் அடியில் பேனாவால், 'எளிது' என்றோ 'ஏற்கெனவே உள்ளது' என்றோ ஒரு சொல் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்காக அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

அவர் மனைவி கண் மருத்துவமனையில் கண்ணாடிக்கு அளவு பார்ப்பவர். நாள் முழுக்க ஆட்களை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றி, "இப்ப நல்லா தெரியுதா, இல்ல முன்னாடி நல்லா தெரிஞ்சுதா?" என்று கேட்டுக் கேட்டு வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவார்.

"தனக்கு வராத கணக்கை ஊரான் பிள்ளைக்குப் போடணும்னு என்னங்க அப்படி ஒரு ஆசை?" என்பார்.

"போடறது வேற, அமைக்கிறது வேற."

"ஆமா, சமைக்கத் தெரியாதவர் ஓட்டல் வைக்கிற மாதிரி."

அவர் சிரித்துக்கொள்வார். கோபம் வராது. மனைவி சொல்வதில் உண்மை இருந்தது என்பதும் ஒரு காரணம்.

ஐம்பத்தோராம் வயதில், ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில், அந்தக் கணக்கு அவருக்கு வந்தது. அதை முழுசாக இங்கே எழுதி யாருக்கும் தலைவலி உண்டாக்கப் போவதில்லை. மூன்று எண்கள். முதலாவது இரண்டாவதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இரண்டாவது மூன்றாவதை, மூன்றாவது திரும்ப முதலாவதை. வட்டமாக ஒரு பெரிய கோவை. இந்தப் பக்கம் உள்ளது அந்தப் பக்கம் உள்ளதைவிட ஒருபோதும் குறையாது என்று நிறுவ வேண்டும், அவ்வளவுதான். பார்க்கப் பூ மாதிரி இருந்தது, நிறுவப் போனால் இரும்பு. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி ஒன்றரைப் பக்கம். முதல் வரி இது: 'பொதுத்தன்மை குறையாமல், முதல் எண் பெரியது, இரண்டாவது நடு, மூன்றாவது சிறியது எனக் கொள்வோம்.'

எந்த வரிசையில் வைத்தாலும் ஒன்றுதான், ஒரு வரிசையைப் பார்த்தால் போதும் என்று அதற்கு அர்த்தம். கணக்குக்காரர்கள் இந்த வரியை ஆயிரம் முறை எழுதியிருப்பார்கள், லட்சம் முறை படித்திருப்பார்கள். கண் அதன் மேல் நிற்காது, வழுக்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அட்டவணைக்காரர் கணக்கைச் சரிபார்க்க நானூறு முறை எண்களைப் போட்டுப் பார்த்தார். நானூறு முறையும் பெரியது முதலில், நடு அடுத்து, சிறியது கடைசியில். இருபத்தெட்டு வருடக் கை வேறு எப்படியும் எழுதாது. நானூறு முறையும் கணக்கு நின்றது.

அந்த வருடம் கார்டு வரவில்லை. கடிதம் வந்தது. அவருடைய கணக்கு ஆறாவது கணக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது, விடைத்தாள் திருத்தும் மூன்று நாளும் அவர் வந்து அந்தக் கணக்கைத் திருத்தித் தர வேண்டும் என்று குழுவின் செயலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். போட்டி முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றும் இருந்தது. அவர் மனைவியிடம் மட்டும் விட்டார்.

"நெஜமாவா?" என்றார் மனைவி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார். பிறகு உள்ளே போய், கணவருடைய இரண்டு நல்ல சட்டைகளையும் எடுத்துப் பார்த்து, இரண்டும் சரியில்லை என்று மறுநாள் புதுசு வாங்கி வந்தார். இத்தனை வருடக் கேலிக்கு அவர் கேட்ட மன்னிப்பு அது.

திருத்தும் இடம் ஒரு பள்ளிக்கூடத்து ஹால். நீள மேசைகள், ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு மேசை, சணல் கயிறு கட்டிய விடைத்தாள் கட்டுகள். எல்லாரும் கல்லூரியிலோ பள்ளியிலோ பாடம் எடுப்பவர்கள். செயலாளர் ஒரு கல்லூரி விரிவுரையாளர், முப்பத்தைந்து வயது இருக்கும், நடக்கும்போதே பேசுகிற பெண். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். இரண்டு பேரும் அவரை மரியாதையாக வரவேற்றார்கள்.

"ஒவ்வொரு வருஷமும் உங்க கவர் வரும் சார். இந்த வருஷம் பிரிச்சதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இதுதான்னு," என்றார் செயலாளர். "நான்கூட நம்பர் போட்டுப் பாத்தேன். ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. மூணு, ரெண்டு, ஒண்ணு. கச்சிதமா நிக்குது."

நூற்று எண்பது பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். முதல் நாள் அவர் திருத்தியதில் பெரும்பாலானவை வெற்றுத் தாள். சிலர் கணக்கையே திரும்ப எழுதி, அதன் அடியில் ஒரு கோடு போட்டு, ஏதோ வரப்போகிறது என்ற பாவனையில் விட்டிருந்தார்கள். ஒருவன் 'மன்னிக்கவும்' என்று எழுதியிருந்தான். தன் பழைய பூஜ்யங்கள் நினைவுக்கு வந்து அட்டவணைக்காரர் அவனுக்கு ஏதாவது போட முடியுமா என்று விடைக்குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். முடியாது. இரண்டாம் நாள் மதியத்துக்குள் பத்துப் பேர் அவர் வழியிலேயே, அந்த முதல் வரியோடே தொடங்கி, அழகாக நிறுவியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஏழு போடும்போது அவருக்கு மனசு குளிர்ந்தது. தான் யோசித்ததை முகம் தெரியாத பத்துப் பிள்ளைகள் தனித்தனியாக யோசித்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய சந்தோஷம் அவருக்கு அதுவரை வந்ததில்லை.

மூன்று மணிக்கு நூற்று முப்பத்தேழாம் எண் தாளைப் பிரித்தார். பெயர் இருக்கிற இடத்தை மடித்து ஒட்டியிருந்தார்கள். மேலட்டையில், வகுப்பு: பன்னிரண்டு. முன்பு பங்கேற்றது: மூன்று முறை. அதாவது இதுதான் கடைசி. உள்ளே முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி, அடியில் இரண்டு கோடு: 'கொடுக்கப்பட்ட கூற்று தவறு.'

அதன் கீழே மூன்று எண்கள். இருபது, ஒன்று, ஏழு. இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் இவ்வளவு. இந்தப் பக்கம் நூலிழை குறைவு. முடிந்தது.

அட்டவணைக்காரர் முதலில் சிரித்தார். பாவம், எங்கோ பெருக்கலில் வழுக்கியிருக்கிறது என்று நினைத்து, பென்சிலை எடுத்து, இருபது, ஏழு, ஒன்று என்று எழுதிப் போட்டுப் பார்த்தார். கணக்கு நின்றது. தாளை மறுபடி பார்த்தார். அங்கே இருபது, ஒன்று, ஏழு. ஒன்றும் ஏழும் இடம் மாறியிருந்தன. அப்படியே போட்டார். கணக்கு விழுந்தது.

வட்ட மேசையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருவரும் தட்டை வலப்பக்கத்து ஆளுக்கு மட்டும் நகர்த்துகிறார்கள் என்று வையுங்கள். உயரமானவரிடமிருந்து எண்ணத் தொடங்கலாம், அதில் குற்றமில்லை. வட்டத்துக்கு ஏது தொடக்கம்? ஆனால் அவருக்கு வலப்பக்கம் இருப்பவர் இரண்டாவது உயரம்தான் என்று யார் சொன்னது? அந்த இரண்டாவது ஆள் இடப்பக்கமும் இருக்கலாம். அது வேறு பந்தி. அட்டவணைக்காரர் பாதிப் பந்தியைப் பார்த்துவிட்டு முழுப் பந்திக்கும் சான்றிதழ் கொடுத்திருந்தார். சாதாரண எண்களுக்குக் கணக்கு எந்தப் பக்கமும் நல்ல பிள்ளையாக நிற்கும். பெரியதற்கு அடுத்து மிகச் சிறியதைப் போட்டால் மட்டும், அதுவும் நூலிழையில், கவிழும்.

ஹாலில் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. தாளின் பின்னால் அந்தப் பிள்ளை கிறுக்கிப் பார்த்த தாள்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள், முன்பின்னாக. பத்தொன்பது தாள். அவற்றில் அதே மூன்று எண்கள் பதினோரு இடத்தில் இருந்தன. பின்னமாக ஒரு தடவை, தசமமாக ஒரு தடவை, பொதுப் பகுதி எடுத்து ஒரு தடவை, தலைகீழாக ஒரு தடவை. பதினோரு முறையும் ஒரே விடை. ஒரு தாளின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தது: 'எங்கே தப்பு பண்றேன்?'

அவர் எழுந்து செயலாளரிடம் போனார். நடந்து போகும் அந்தப் பத்து அடிக்குள் ஒரு நினைப்பு வந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. இந்தத் தாளுக்கு விடைக்குறிப்புப்படி பூஜ்யம் போட்டுக் கட்டுக்குள் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருடம் என்று நினைத்தார். பிறகு போய்ச் சொன்னார்.

செயலாளர் நின்ற இடத்திலேயே எண்களைப் போட்டுப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. "நானும் பாத்தேனே," என்றார். "நாங்க அஞ்சு பேர் படிச்சோமே." ஐந்து பேரும் படித்திருந்தார்கள். ஐந்து பேரும் அந்த முதல் வரியில் வழுக்கியிருந்தார்கள்.

மீதித் தாள்களையும் பார்த்து முடித்துவிட்டு, அன்று சாயங்காலம் வீட்டில் அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆறுதல் சொல்வார் என்று அவர் எதிர்பார்த்தார்.

"நான் ஒருத்தருக்குக் கண்ணாடி எழுதறதுக்கு முன்னாடி லென்ஸை எத்தனை தடவ மாத்திப் போட்டுப் பாக்கறேன். நீங்க மூணு நம்பரை மாத்திப் போட்டுப் பாக்கலையா?"

"தோணலை."

"தோணலையா!" என்றார் மனைவி. பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "சரி, அந்தப் பிள்ளைக்கு மார்க் உண்டுல்ல? அதைச் சொல்லுங்க," என்றார்.

"போடாம இருப்பாங்களா? அது ஒண்ணுதானே சரியா எழுதியிருக்கு," என்றார் அட்டவணைக்காரர். அப்போது அவர் அதை நம்பினார்.

மறுநாள் காலை தலைவர் அறையில் கூடினார்கள். அதற்குள் செயலாளர் எல்லா மேசையிலிருந்தும் நூற்று முப்பத்தேழின் மார்க்கை வாங்கிக் கூட்டி வைத்திருந்தார். முதல் நாள் மூன்று கணக்கில் இருபது. நான்காவதில் ஏழு. ஐந்தாவது வெறுமை. ஆறாவதைச் சேர்க்காமல் இருபத்தேழு. ஆறாவதைச் சேர்க்காமல் மற்றவர்களைப் பார்த்தால், ஆறாம் இடத்தில் இருப்பவன் இருபத்தொன்பது. இந்தப் பிள்ளை எட்டாவது. ஆறாவதில் ஏழு கிடைத்தால் முப்பத்து நான்கு. மூன்றாம் இடம்.

"ஏழு போடுங்க சார்," என்றார் அட்டவணைக்காரர். "தப்பு என்னோடதுன்னு வெளியில அறிவிச்சிடுங்க. பேரைப் போட்டே அறிவிங்க."

தலைவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களிடம் வாதாடுவது இன்னும் கஷ்டம். "உங்க பேரு ஒரு பக்கம் இருக்கட்டும். பத்துப் பேரு நம்ம விடைக்குறிப்புல இருக்கறதையே எழுதியிருக்காங்க. அவங்களுக்கு என்ன போடறது? தப்புன்னு அடிச்சா, நீங்க எழுதினதும் தப்புதானே, எங்க புள்ளைய மட்டும் ஏன் அடிக்கறீங்கன்னு வந்து நிப்பாங்க."

"அவங்களுக்குப் பூஜ்யம்தான் சார். அது நிறுவல் இல்லை."

"சரி, மத்தவங்க?" என்றார் செயலாளர். அவர் கண்கள் சிவந்திருந்தன. இரவு தூங்கவில்லை என்று தெரிந்தது. "நூத்தி எழுபத்தொம்பது பேரு சார். நிறுவவே முடியாத ஒண்ணைக் குடுத்துட்டு, ரெண்டு மணி நேரம் மூணு மணி நேரம் அதுல முட்டிக்கிட்டவங்களுக்கு உனக்குப் பூஜ்யம்னு எப்படிச் சொல்றது? பேப்பரை நம்பினது அவங்க குத்தமா?"

அட்டவணைக்காரர் 'மன்னிக்கவும்' என்று எழுதியவனை நினைத்தார். அவனும் நம்பித்தான் உட்கார்ந்திருந்தான்.

"ஏழு பேரா அனுப்ப முடியாதா? எட்டு பேரா?"

"ஆறு பேருக்குத்தான் எடம். அது நம்ம கையில இல்ல," என்றார் தலைவர். விதிப் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தை அவர் பக்கம் திருப்பினார். வினாத்தாளில் பிழை இருந்தால், கணக்கை அமைத்தவர் அதை எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகு குழு அந்தக் கணக்கை நீக்கலாம். நீக்கப்பட்ட கணக்குக்கு யாருக்கும் மார்க் இல்லை. இதற்கு நடுவில் வேறு வழி எதுவும் அச்சடித்திருக்கவில்லை.

"நான் ஒப்புக்கிட்டு எழுதித் தரலைன்னா?"

தலைவர் தயங்கினார். "அப்போ பிழை இருக்கறதா ரெக்கார்டு இல்ல. விடைக்குறிப்புப்படிதான் திருத்தணும். அந்தப் பத்துப் பேருக்கும் ஏழு. இந்தப் புள்ளைக்குப் பூஜ்யம்."

இருபத்தெட்டு வருடம் டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் இடையில் எத்தனையோ முடிச்சை அவிழ்த்தவர் அந்த மேசையில் உட்கார்ந்து எல்லாப் பக்கமும் போட்டுப் பார்த்தார். கையெழுத்துப் போட்டால் அந்தப் பிள்ளை எட்டாவது. போடாவிட்டால் பதினைந்துக்கும் கீழே, அதோடு பொய்யும் நிலைத்துவிடும். எந்தப் பக்கமும் அந்தப் பிள்ளை ஆறுக்குள் வரவில்லை. இந்த முறை அவர் எதையும் பார்க்காமல் விடவில்லை, இரண்டு பந்தியையும் பார்த்துவிட்டார். பேனாவை வாங்கி, பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து அட்டவணை எழுத்து மாதிரி நேராக இருந்தது. மனசு அப்படி இல்லை. அன்றோடு கணக்கு அமைப்பதை விட்டுவிட்டார்.

முடிவு வெளியானபோது பட்டியலின் அடியில் ஒரே ஒரு வரி: 'ஆறாவது கணக்கு நிர்வாகக் காரணங்களால் நீக்கப்பட்டுள்ளது.' அடுத்த சனிக்கிழமை, விரும்புகிற பிள்ளைகள் வந்து தங்கள் விடைத்தாளைப் பார்த்துக்கொள்ளலாம். தாளை எடுத்துக் காட்டும் மேசையில் உட்கார ஆள் கேட்டார்கள். அவர் போனில் கூப்பிட்டு, நான் வருகிறேன் என்றார்.

"வாங்க. ஆனா ஆறாவதைப் பத்தி எதுவும் பேச வேண்டாம் சார்," என்றார் செயலாளர். "யாரு என்ன கேட்டாலும் நிர்வாகக் காரணம். தலைவர் சொல்லிட்டார்."

"சரிம்மா," என்றார். பொய்தான் சொன்னார்.

பதினொன்றரை மணிக்கு அந்தப் பெண் வந்தாள். தனியாக வந்தாள். பதினேழு வயது, தோளில் பை, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு. "நூத்தி முப்பத்தேழு," என்றாள். அட்டவணைக்காரர் அவள் தாளைப் பெட்டியில் தேடவில்லை, தனியாக எடுத்து வைத்திருந்தார். அவள் முதல் ஐந்து கணக்கையும் பார்க்காமல் நேராக ஆறாவதைத் திருப்பினாள். மார்க் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? இதை யாராவது படிச்சாங்களா?"

"நான் படிச்சேன்மா."

"நான் எழுதினது தப்பா?"

"இல்லம்மா. நீ எழுதினது சரி. நூத்தி எண்பது பேர்ல நீ ஒருத்திதான் சரி. கணக்குதான் தப்பு. அந்தக் கணக்கை அமைச்சவன் நான்."

திட்டுவாள் என்று நினைத்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அவள் திட்டவில்லை. அவள் முகத்தில் ஒரு நிமிடம் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது, அதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"அப்போ சரியா!" என்றாள். "நாலாவது சீக்கிரம் முடிஞ்சிடுச்சு சார். பத்தே காலுக்கெல்லாம் இந்த இருபது, ஒண்ணு, ஏழு வந்துடுச்சு. பேப்பர்ல எப்படித் தப்பு இருக்கும், நான்தான் எங்கேயோ தப்பு பண்றேன்னு மிச்ச மூணு மணி நேரமும் என் தப்பைத் தேடிட்டு இருந்தேன். மணி அடிக்கறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் துணிஞ்சு எழுதினேன்."

"அஞ்சாவதை விட்டுட்டியேம்மா."

"வீட்டுக்குப் போயி போட்டேன் சார். அரை மணி நேரத்துல வந்துடுச்சு," என்றாள். பிறகு அந்த வெளிச்சம் அடங்கி, யோசித்து, மெதுவாகக் கேட்டாள். "நீக்கிட்டாங்கன்னா எல்லாருக்குமா? எனக்குமா?"

"உனக்கும்தாம்மா."

அவள் தலையாட்டினாள். தாளை மூடி, தைத்த ஓரங்களை மேசையில் தட்டி நேராக்கினாள். அட்டவணைக்காரர் பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தினார். பெயர், எண், பார்த்த நேரம், கடைசிக் கட்டத்தில் 'ஆட்சேபம்' என்று இருந்தது.

"எழுதும்மா," என்றார். "நடந்ததையெல்லாம் எழுது. நான் சாட்சி சொல்றேன். யார் கேட்டாலும் சொல்றேன்."

அவள் பேனாவை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "எழுதினா மாறுமா சார்?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். பத்தொன்பது தாளில் தன் தப்பைத் தேடிய பிள்ளையிடம் இன்னொரு தப்பான கூற்றைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"மாறாதும்மா," என்றார்.

அவள் குனிந்து அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். நேரம் பதினொன்று ஐம்பது என்று போட்டாள். பேனாவை மூடி அவர் பக்கம் வைத்து, "தேங்க்ஸ் சார்," என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனாள். வரிசையில் அடுத்து நின்ற அப்பா ஒருவர் தன் மகனுடைய எண்ணைச் சொன்னார். அட்டவணைக்காரருக்கு எண் காதில் விழவில்லை. அந்த அப்பா இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.